ஜேம்ஸ் மன்னர் கால ஆங்கிலத்தில் 'தௌ' மரியாதைச் சொல்லா?

1611-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் கடவுளை 'தௌ' (thou) என்றுதான் அழைக்கிறார்கள், அப்படியானால் 'யூ'வைவிட (you) அதுதானே மரியாதையான சொல் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் யாரோ வகுப்பில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உண்மை நேர்மாறு. அந்தக் காலப் பேச்சில் 'தௌ' நம் 'நீ', 'யூ' நம் 'நீங்கள்'.

எம்.ஏ. படித்தபோது எங்கள் பேராசிரியரும் உங்களைப் போலத்தான் சொன்னார். நான் எழுந்து ராலே வழக்கைச் சொன்னேன். 1603 நவம்பரில், லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் வின்செஸ்டரில் நடந்த ராஜதுரோக விசாரணை அது. எலிசபெத் அரசியின் மெய்க்காவல் தலைவராக இருந்த சர் வால்டர் ராலேயைப் பார்த்து, அட்டர்னி ஜெனரல் எட்வர்ட் கோக் "ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்" (I thou thee, thou traitor) என்று சீறினார். 'உன்னை நீ என்றுதான்டா சொல்வேன், துரோகி' என்று அர்த்தம். 'தௌ'வையே வினைச்சொல்லாக்கிவிட்டார். மரியாதைச் சொல்லாக இருந்தால் அதை வைத்து ஒருவரை அவமானப்படுத்த முடியுமா?

பேராசிரியர் "உட்கார், எனக்கே பாடம் எடுக்கிறாயா" என்றார். மறுநாள் நூலகத்திலிருந்து அந்த விசாரணைக் குறிப்பு இருந்த புத்தகத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. இருபது வருடம் ஆகியும் அது மனதில் ஆறவில்லை.

சரி, பைபிளில் ஏன்? பைபிளின் மூல மொழிகளான எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை, பன்மை தனித்தனி. மொழிபெயர்த்தவர்கள் ஒருமைக்கு 'தௌ', பன்மைக்கு 'யீ' (ye) என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் அதில் கடவுளும் 'தௌ', ராஜாவும் 'தௌ', சாத்தானும் 'தௌ'.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் காதலர்களும் 'தௌ' சொல்கிறார்களே என்று யாராவது கிளம்பி வருவார்கள். சொல்கிறார்கள்தான், நான் மறுக்கவில்லை. நாமும் அம்மாவை 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம்? நெருக்கத்துக்கும் அதே சொல், இளக்காரத்துக்கும் அதே சொல். யார் யாரிடம் எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

போன மாதம் அம்மாவின் பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அம்மாவுக்கு 71 வயது. என்னைவிடச் சின்னவரான ஊழியர், "இங்க கையெழுத்துப் போடு" என்று விரலால் காட்டினார். அம்மா ஒன்றும் சொல்லாமல் போட்டார். "போடுங்க என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.