புணையும் ஆருயிரும்

கேள்வி: 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' பாட்டை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். முதல் வரி கொடுத்த தெம்பு, ஆற்றில் போகும் தெப்பம்போல உயிர் போகிறது என்ற இடத்தில் வடிந்துவிட்டது. அப்படியானால் நான் என்கிற ஒருத்திக்கு என்ன மதிப்பு?
- ஒரு வாசகி

பதில்: எனக்கும் இருபது வயதில் அந்த இடம் இப்படித்தான் இடித்தது. மேடையிலும் சுவரிலும் முதல் வரியை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு மீதி 12 வரிகள் கொஞ்சம் அதிர்ச்சிதான்.

சரி, அந்தத் தெப்பத்தையே பார்ப்போம். மழை கொட்டி, கல்லில் மோதி இரைச்சலோடு ஓடுகிற பேராறு, அதில் கணியன் பூங்குன்றனார் மிதக்கவிடுவது சருகை அல்ல, புணையை, அதாவது யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டியதை, ஆளைத் தாங்கக்கூடியதை. அதே 9-ம் வரியில் வெறுமனே உயிர் என்று சொல்லாமல் 'ஆருயிர்' என்கிறார். போகும் வழி நம் கையில் இல்லை என்னும்போதே, போகிற உயிர் அருமையானது என்றும் சொல்லிவிடுகிறார். 'தீதும் நன்றும் பிறர்தர வாரா' என்று 2-ம் வரியில் பொறுப்பை நம் தலையில் வைத்தவர் பிறகு ஆற்றோடு போகவிடுகிறாரே என்றால், ஆமாம், இரண்டும் உரசத்தான் செய்கின்றன. அவர் அதைத் தீர்த்து வைக்கவில்லை, நானும் தீர்க்கப் போவதில்லை.

ஆனால் தெப்பத்திலிருந்து அவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். எல்லா உயிரும் அதனதன் முறைவழியே போகிறது என்று தெளிந்துவிட்டதால் பெரியோரை வியப்பதும் இல்லை, 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே'. எனக்கு அந்த 'அதனினும்' என்ற ஒரு சொல்லுக்காகவே பாட்டு மொத்தமும். அரசர்களையும் வள்ளல்களையும் புகழ்ந்து இத்தனை பாடல்கள் உள்ள புறநானூற்றில், 192-வது பாட்டாக நின்றுகொண்டு ஒருவர் இதைச் சொல்கிறார். உங்களை இன்னொருவரோடு வைத்து நிறுக்கும் தராசைத்தான் அவர் தூக்கிப் போடுகிறார், உங்களை அல்ல.

கேள்வி: பாட்டில் அவர் 'நான்' என்று எங்குமே சொல்லவில்லையே?
- அதே வாசகி

பதில்: நல்ல கவனிப்பு. இலமே, தெளிந்தனம் என்று எல்லாமே தன்மைப் பன்மைதான். அப்புறம் அவர் பெயரையும் பாருங்கள். கணியன் என்றால் காலத்தைக் கணிப்பவர், அது தொழில். பூங்குன்றம் அவர் ஊர், சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டிதான் அது என்கிறார்கள். எல்லாம் எங்கள் ஊர் என்று பாடியவர் தன் ஊரைப் பெயரிலேயே வைத்திருந்தார்.