நினைவிழந்தவர் அடித்தால் அறிக்கை எழுதலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவமனை ஒன்றில் வார்டு பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். அண்மையில் இரவுப் பணியின்போது, காய்ச்சலில் நினைவு தடுமாறியிருந்த முதியவர் ஒருவர், ஊசி போட வந்த இளம் செவிலியரின் முகத்தில் அறைந்துவிட்டார். சம்பவ அறிக்கை எழுதச் சொன்னபோது, "பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவர்மேல் போய் எழுதுவதா?" என்று மறுத்துவிட்டார். எனக்கும் அப்படியே தோன்றியதால் வற்புறுத்தவில்லை. நோயாளியைக் குற்றவாளியாக்கும் செயல்தானே அது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பெண்ணின் இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் எழுதாமல் விட்டதால் அந்த முதியவருக்கு நன்மை விளைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எழுதப்படாத சம்பவம் வார்டில் மறைந்துபோவதில்லை. பணி மாறும்போது "அந்தப் படுக்கைக்காரர் அடிப்பார், பார்த்துக்கொள்" என்று வாய்வழியாகக் கைமாறி, இரண்டே நாளில் அவரிடம் யாரும் நெருங்கத் தயங்கும் நிலையையோ, அவருடைய கைகளைக் கட்டிவைக்கும் நிலையையோ உண்டாக்கிவிடுகிறது. மாறாக, எந்த நேரத்தில், எந்தச் சிகிச்சையின்போது, எத்தனை பேர் பணியில் இருக்கையில் அடித்தார் என்று எழுதியிருந்தால், அவருடைய வலி, சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து, கழற்றிவைத்த கண்ணாடி அல்லது செவிக்கருவி ஆகியவற்றில் எது அவரைக் கலங்கடித்தது என்று மருத்துவர் தேட வழி பிறந்திருக்கும். திடீரென நினைவு தடுமாறுவதே உடனே கவனிக்கவேண்டிய நோய்க்குறி அல்லவா?

நோக்கம் இல்லாத அடியை வன்முறைக் கணக்கில் சேர்க்கலாமா என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் உடன்படிக்கை, தீங்கு செய்யும் நோக்கமுள்ள நடத்தையை மட்டுமன்றி, தீங்கில் முடியும் நடத்தையையும் பணியிட வன்முறை என்றே வரையறுக்கிறது. (தன்னினைவோடு கை ஓங்கும் உறவினர்களின் கதை வேறு, அங்கே காவல்துறைக்கும் போகத்தான் வேண்டும்.)

எழுதாதவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அமெரிக்க மருத்துவமனைக் குழுமம் ஒன்றில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், முந்தைய ஓராண்டில் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன ஊழியர்களில் 88 விழுக்காட்டினர் அதை முறைப்படி பதிவு செய்திருக்கவில்லை. பணி முடிந்து களைத்திருப்பவரை நீண்ட படிவத்தின் முன் உட்கார வைத்து, "நீ என்ன செய்தாய், அவர் ஏன் அடித்தார்?" என்று விசாரித்து, பிறகு ஒரு பதிலும் சொல்லாமல் விட்டால் யார்தான் எழுதுவார்? பதிவுகளை அந்தந்த வார்டுக்கே தொகுத்துக் கொடுத்து, தடுக்கும் திட்டத்தையும் அங்குள்ளவர்களையே வகுக்கச் செய்த முயற்சி ஒன்றின் முடிவுகள் 2017இல் வெளிவந்தன. அப்படிச் செய்யாத வார்டுகளோடு ஒப்பிடும்போது, இரண்டாண்டுகள் கழித்து வன்முறையால் ஊழியர்களுக்கு நேர்ந்த காயங்கள் அங்கே குறைவாக இருந்தன.

ஆகவே, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு இப்போதாவது நீங்களே உடனிருந்து எழுதுங்கள். முதியவரின் குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நடந்ததும் சூழ்நிலையும் போதும். நிர்வாகம் என்ன செய்தது என்று கேட்டறிந்து அந்த இளம் செவிலியரிடம் சொல்வதும் உங்கள் பொறுப்பே. இப்படி எழுதத் தொடங்கினால் உங்கள் வார்டின் கணக்கில் சம்பவங்கள் திடீரென்று கூடியதுபோலத் தெரியும். இதுவரை எழுதாமல் விட்டவையே இப்போது பதிவாகின்றன என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.