கலைவிழா டிக்கெட்டை நம்பாதீர்கள், விழா மலர் போடுங்கள்

வணக்கம். மாலை நேர இலவச வகுப்புக்கு 1 லட்சம் திரட்ட, பொங்கலையொட்டிக் கலைவிழா நடத்தி 100 ரூபாய் வீதம் 300 டிக்கெட் விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்தமும் விற்றாலே 30,000தான். மைக்செட், மேடை, பறையாட்டக் குழு என்று அதிலேயே கரைந்துவிடும்.

பணம் விழா மலர் விளம்பரத்தில் இருக்கிறது; அதாவது விழாவையொட்டி நீங்கள் அச்சிடும் சிறப்பிதழில் கடைக்காரர்கள் தரும் விளம்பரத்தில். உள்ளே 32 பக்கம், வெளியே அட்டை. பின்னட்டை 15,000, உள்ளட்டை இரண்டும் தலா 10,000, முழுப்பக்கம் பத்து தலா 5,000, அரைப்பக்கம் இருபது தலா 3,000. கூட்டினால் 1,45,000. அச்சுச் செலவு போக உங்கள் இலக்கு கைக்கு எட்டும். மீதி 12 பக்கத்தில் பிள்ளைகளின் ஓவியம், கவிதை, வகுப்பின் வரவு செலவு. நடுவில் பின் அடிக்கும் மலர் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும்; 33 ஆனால் 36க்குக் காசு.

சறுக்குவது வசூலில்தான். "மலர் வரட்டும், தர்றேன்" என்பவர் பெரும்பாலும் தரமாட்டார். பணம் வந்தால்தான் பக்கம். ஜவுளிக்கடை, நகைக்கடைக்காரர்களைத் தீபாவளி நெருக்கத்தில் பார்க்காதீர்கள். அது முடிந்த மறுவாரம் போங்கள், கையில் மாதிரிப் பக்கத்தோடு. பெயர், போன் நம்பரை அவர்களிடமே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

விளம்பரக் காசும் டிக்கெட் காசும் நன்கொடை ஆகாது. அவற்றுக்கு 80ஜி ரசீது (நன்கொடை தந்தவர் வருமான வரிவிலக்குக் கேட்க உதவும் ரசீது) கிழிக்காதீர்கள், தனி ரசீதுப் புத்தகம் வையுங்கள். நிஜ நன்கொடையிலும் 2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், தந்தவருக்கு அதற்கு வரிவிலக்கு கிடைக்காது. காசோலையோ யூபிஐயோ கேளுங்கள்.