மூன்று பையன்களும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: என் மூன்று மகன்கள் (16, 13, 9 வயது) சேர்ந்து பாடுகிறார்கள். பெரியவன் கீபோர்டு, நடுவுலவன் பம்பையும் ரிதம் பேடும், சின்னவன் பாட்டு. அவர்களே மெட்டுப் போட்ட ஒரு பாட்டை யூடியூபில் லட்சம் பேருக்கு மேல் பார்த்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் 5 வருட ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறார். சேனலும் குழுவின் பெயரும் அவர் பெயரில் இருக்குமாம். பெரியவனின் படிப்பை பிளஸ் ஒன்னோடு நிறுத்திவிட்டு, நானும் ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். தினமும் காலை 4 மணிக்கு எழுப்பிப் பயிற்சி கொடுக்கிறேன், தப்பாகப் பாடினால் அடியும் உண்டு. மைக்கேல் ஜாக்சனின் அப்பாவும் இப்படித்தானே அந்த அண்ணன் தம்பிகளை உருவாக்கினார்?
– ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

பதில்: நண்பரே, முதலில் அந்தச் சின்னவனை நாளைக் காலை ஆறரை வரை தூங்கவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மைக்கேலின் அப்பா ஜோ ஜாக்சனை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவரும் உங்களைப் போல ஷிஃப்ட் வேலைக்காரர்தான். அமெரிக்காவில் கேரி என்ற இரும்பாலை ஊரில் குடியிருந்துகொண்டு கிரேன் ஓட்டினார். இரண்டு படுக்கையறை கொண்ட சின்ன வீடு, அதில் ஒன்பது பிள்ளைகள். அவர் ஒரு இசைக்குழுவில் கிடார் வாசித்துப் பார்த்தார், அது எங்கும் போய்ச் சேரவில்லை. யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்த அந்தக் கிடாரை டிட்டோ என்ற மகன் திருட்டுத்தனமாக எடுத்து வாசிக்க, ஒருநாள் கம்பி அறுந்து மாட்டிக்கொண்டான் என்பது அந்த வீட்டிலேயே பலமுறை சொல்லப்பட்ட கதை. கவனியுங்கள், அப்பா வேலைக்குப் போன நேரத்தில் பையன்கள் ஆசைப்பட்டு அவர்களாகவே தொட்டதில் தொடங்கிய பாட்டு அது. பாடிக்காட்ட அம்மா கேத்ரின் இருந்தார். அடி அதற்கு அப்புறம் வந்தது.

ஜோவின் உழைப்பு இல்லாமல் அவர்கள் வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஊர் ஊராக வேனில் ஏற்றிப்போய் 1967-ல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் அமெச்சூர் போட்டியில் ஜெயிக்க வைத்தார். அப்புறம் மோட்டவுன் என்ற இசைத்தட்டு கம்பெனி, 1969 கடைசியில் அங்கே முதல் பாட்டு, அடுத்த வருடத்துக்குள் வரிசையாக நான்கு பாட்டும் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அந்த முதல் பாட்டு வந்தபோது மைக்கேலுக்கு வயது பதினொன்றுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தப் பாதியைத்தான் எல்லாரும் சொல்வார்கள்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். 1993-ல் டிவி பேட்டியில் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் பேசும்போது மைக்கேல் சொன்னார், ரெக்கார்டிங் ஸ்டூடியோவுக்கு எதிரே ஒரு பூங்கா இருந்ததாம், அங்கே பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு, தான் வேலைக்குப் போகவேண்டியிருக்கிறதே என்று அழுவாராம். அப்பாவைப் பார்த்தாலே சில நேரம் வயிற்றைப் புரட்டி வாந்தி வந்துவிடும் என்றும் சொன்னார். பெல்ட்டால் அடித்ததை ஜோவே பின்னாளில் ஒரு பேட்டியில் ஒத்துக்கொண்டார். 2009-ல் மைக்கேல் இறந்தபோது அவருடைய உயிலில் அம்மாவுக்குப் பங்கு இருந்தது, அப்பாவுக்கு எதுவும் இல்லை. உலகமே கொண்டாடிய பிள்ளை, ஐம்பது வயதில், தன்னை உருவாக்கியதாகச் சொன்ன அப்பாவுக்கு எதையும் வைக்காமல் போயிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் சின்னவனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், அந்த பெங்களூர்க்காரர் கேட்பதும் இதைத்தானே. 1975-ல் அந்தச் சகோதரர்கள் தாங்களே பாட்டு எழுதவும் கூடுதல் பங்கு கிடைக்கவும் வேண்டும் என்று மோட்டவுனை விட்டுப் போனபோது, ‘ஜாக்சன் 5’ என்ற குழுப் பெயர் கம்பெனியுடையது, எடுத்துப்போக முடியாது என்று ஆகிவிட்டது. சொந்த வீட்டுப் பெயர்! ‘தி ஜாக்சன்ஸ்’ என்று மாற்றிக்கொண்டார்கள். முதலாளியின் மகளைக் கட்டியிருந்த ஜெர்மெயின் மோட்டவுனிலேயே தங்கிவிட, அவர் இடத்துக்குக் கடைசித் தம்பி ராண்டி வந்தார். ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் இரண்டு பக்கம். பீச் பாய்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கப் பாட்டுக் குழுவின் வில்சன் சகோதரர்களுக்கு வேறு விதமாக நடந்தது: அவர்களுடைய பாட்டுகளின் பதிப்புரிமையை 1969-ல் 7 லட்சம் டாலருக்கு விற்றவர் அவர்களுடைய அப்பாவேதான். அந்தப் பாட்டுகள் பின்னால் சம்பாதித்ததை வைத்துப் பார்த்தால் அது மாங்காயைப் பிஞ்சிலேயே பறித்து விற்ற கணக்கு, கிருஷ்ணகிரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பதினெட்டு நிரம்பாதவர்கள் போடும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது, அதனால்தான் அவருக்கு உங்கள் கையெழுத்து வேண்டியிருக்கிறது. குழுவின் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்ய ஆன்லைனில் தனிநபருக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம், பையன்களுக்காக நீங்களே செய்யுங்கள். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் சேரவேண்டிய ராயல்டி பங்கை எழுதி வாங்கிவிட முடியாதபடி 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அதையும் ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, பலருக்குத் தெரியாதது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வீடியோவிலோ காசு வாங்கும் மேடையிலோ ஆடப் பாட வைக்கிறவர், 2017-ல் வந்த விதிகளின்படி, கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போக வேண்டும். பள்ளிப் படிப்பு கெடக்கூடாது, பிள்ளைக்கு விருப்பமில்லாமல் செய்யவைக்கவும் கூடாது. உங்கள் நடுவுலவனுக்கும் சின்னவனுக்கும் இது அப்படியே பொருந்தும். பெங்களூர்க்காரர் இதில் ஒன்றையாவது உங்களிடம் சொன்னாரா?

பாவலர் பிரதர்ஸை நினைத்துப் பாருங்கள். பண்ணைப்புரத்து அண்ணன் வரதராசன் பாட்டுக் கட்டிப் பாட, தம்பிகள் அவர் பின்னால் ஆர்மோனியமும் கிடாருமாகக் கட்சி மேடை மேடையாகப் போனார்கள். அதில் ஒரு தம்பி 1976-ல் சினிமாவுக்கு வந்து இளையராஜா ஆனார், இன்னொருவர் கங்கை அமரன். அண்ணன் பின்னால் தம்பி விரும்பி நடந்து கற்றுக்கொண்ட இசை அது, உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பெரியவன் பிளஸ் டூ முடிக்கட்டும். நீங்கள் ஓசூர் பஸ்ஸை விடாதீர்கள், உங்கள் சம்பளம் வருகிற வரைக்கும்தான் அந்தப் பையன்கள் ஒரு கச்சேரியை வேண்டாம் என்று சொல்ல முடியும். அதை விட்டுவிட்டால் அன்று முதல் வீட்டில் சம்பாதிக்கிறவன் அந்த ஒன்பது வயதுக்காரன். சரி, பயிற்சி வேண்டாமா? வேண்டும். சாயங்காலம் ஒரு மணி நேரம், பெரியவன் நடத்தட்டும், நீங்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள், கையில் எதுவும் இல்லாமல்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் பாடுகிறார்கள் என்றால் தேதியை எழுதுங்கள். தர்மபுரியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.