கடன் கொப்பியை என்ன செய்வது?

கேள்வி: விசுவமடுவுக்கு அண்மையில் சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறேன். 2009இல் கணவரை இழந்தேன். 2022இல் விலைவாசி ஏறியதிலிருந்து கடன் கொப்பி நிரம்பிக்கொண்டே போகிறது. மொத்த வியாபாரிக்கும் நான் பணம் கொடுக்க வேண்டியுள்ளது. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது கிறிஸ்தவளுக்குத் தகுமா என்று மனம் உறுத்துகிறது. இப்படியே போனால் கடையை மூட வேண்டிவரும் என்கிறான் மகன். அயலில் உள்ள சைவக் குடும்பத்துத் தாய் ஒருவர், கடனைத் தீர்க்க முடியாத வெட்கத்தால் என் கடையைத் தவிர்த்துப் பின் ஒழுங்கையால் சுற்றிப் போகிறார். அவருடைய கணக்கைக் கிழித்துவிடலாமா? மடு மாதாவுக்கு நேர்ந்து சேர்த்த பணத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொடுத்த கடனைக் கேட்பது பாவமன்று. திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன் கொடுங்கள் என்று லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறுவதுதான் உங்களை உறுத்துகிறது என நினைக்கிறேன். அந்த வாக்கின் கடுமையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால், அது நம்முடையதைக் கொடுப்பதைப் பற்றிய வாக்கு. உங்கள் கடையிலுள்ள அரிசியிலும் மாவிலும் சீனியிலும் ஒரு பகுதி, உங்கள் சொல்லை நம்பி மொத்த வியாபாரி இறக்கிவிட்டுப் போனது. அவருக்குரியதைக் கொடுக்காமல் அதே பொருளை மற்றவர்களுக்கு இலவசமாக வழங்கினால், அந்தத் தருமத்தின் சுமை அவருடைய தலையில் விழுகிறது. அந்த அளவில் உங்கள் மகன் சொல்வது நியாயமானது. அவரை இரக்கமில்லாதவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

எனவே, கேட்கலாமா என்பதைவிட எப்படிக் கேட்பது என்பதே இங்கு முக்கியம். இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தை ஒருமுறை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுப்பதற்காகக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடனாளியே அதை வெளியே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்கிறது அந்தச் சட்டம். திரிகைக் கல்லை அடகாக வாங்கக் கூடாது, ஏனெனில் அது ஒருவரின் உயிரையே அடகு வாங்குவதாகும் என்றும், ஏழை ஒருவர் அடகு வைத்த போர்வையைச் சூரியன் மறையுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் அது தொடர்கிறது. கடன் கொடுத்தவனின் உரிமையை அந்தச் சட்டம் மறுக்கவில்லை. அந்த உரிமை கடனாளியின் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட வேண்டும் என்கிறது. எத்தனை கடன் இருந்தாலும் அவர் தம் வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதே அதன் கவலை. இதற்கு நேர்மாறானதை வன்னிப் பெண்கள் நன்கு அறிவார்கள். நுண்நிதிக் கடன் வசூலிக்க வந்தவர்கள், தவணைப் பணம் கிடைக்கும்வரை பிள்ளைகளின் கண்முன்னே முற்றத்தில் காத்திருந்தார்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட குறிப்பிட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்கும் அளவுக்கு அந்தத் துன்பம் முற்றியிருந்தது.

ஒழுங்கையால் சுற்றிப் போகும் அந்தத் தாயிடம் இப்போது வருகிறேன். கடனைக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருப்பதால்தான் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, "எழுதி வையுங்கோ அக்கா" என்று உரத்துச் சொல்லிவிட்டுப் போகிறவர் எல்லாக் கிராமங்களிலும் ஒருவராவது இருப்பார். அவருக்கு அந்தக் கூச்சம் கிடையாது. உங்கள் கொப்பியில் இந்த இரு வகையினரையும் வேறுபடுத்திப் பாருங்கள். வசதியிருந்தும் இழுத்தடிப்பவரிடம், ஆளில்லாத நேரம் பார்த்து, திகதி குறித்து உறுதியாகக் கேளுங்கள். சிகரெட்டுக்கும் பீடிக்கும் இனி யாருக்கும் கடனில்லை என்று சொல்லிவிடுங்கள். அதில் மனச்சாட்சி உறுத்த ஒன்றுமில்லை.

அந்தத் தாயின் கணக்கை இப்போதே கிழித்துவிட வேண்டாம் என்பேன். அவரைக் கேட்காமல் கிழித்தால், அவர் உங்களுக்குக் கடன்பட்டவராக இருந்த நிலை மாறி, உங்கள் தயவில் வாழ்பவர் ஆகிவிடுவார். கூச்சம் இன்னும் கூடும். அகதி முகாமில் வரிசையில் நின்று கை நீட்டி வாங்கிய நாள்கள் நம்மில் பலருக்கு மறக்கவில்லை. கிடைத்த உணவுக்காக நன்றி இருந்தது. ஆனாலும், நாமும் ஒருவருக்கு ஏதாவது கொடுக்கக் கூடியவர்களாக இருக்க மாட்டோமா என்ற ஏக்கமும் கூடவே இருந்தது. பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தில், இன்று உங்களிடம் மிகுதியாக இருப்பது அவர்களுடைய குறையை நீக்கட்டும், நாளை அவர்களிடம் மிகுதியாக இருப்பது உங்கள் குறையை நீக்கட்டும் என்கிறார். உதவி ஒரே பக்கமாக ஓடுவதை அவர் விரும்பவில்லை.

ஆகவே, வேறொரு அலுவலைச் சாட்டாக வைத்து அவருடைய வீட்டுப் படலையடியில் அவரைச் சந்தியுங்கள். பழைய கணக்கு காலபோக அறுவடை வரை அப்படியே கிடக்கட்டும், நீங்கள் வழமைபோல் கடைக்கு வாருங்கள் என்று சொல்லுங்கள். அவரிடம் கோழி இருந்தால் முட்டையை, முருங்கை நின்றால் காயை, சந்தை விலைக்குக் குறையாமல் மதிப்பிட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இந்த உதவியோடு, கோயிலுக்கு வாருங்கள், செபக் கூட்டத்துக்கு வாருங்கள் என்ற அழைப்பைச் சேர்த்துவிடாதீர்கள். கடன்பட்ட ஒருவரால் அத்தகைய அழைப்பைச் சுதந்திரமாக மறுக்க முடியாது. அவர் சைவராகவே இருந்து, உங்களை நல்ல அயலவராக அறிந்திருந்தால் போதும்.

உங்கள் மகனையும் உட்கார வைத்து, கொப்பியை அவர் கையில் கொடுங்கள். மாதம் எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், எவ்வளவைத் தருமமாக ஒதுக்கலாம் என்று இருவருமாகத் தீர்மானியுங்கள். குழந்தையின் பால்மாவுக்கோ நோயாளியின் கஞ்சிக்கோ ஒருவர் வந்து நின்றால், அந்த ஒதுக்கிலிருந்து கொடுத்து, கொப்பியில் எழுதாமல் விட்டுவிடலாம்.

கடைசியாக, மடு மாதாவுக்கான நேர்த்தி. தனிப்பட்ட முறையில் நேர்ந்துகொண்ட ஒன்றை, அதற்கு நிகரான அல்லது அதனினும் சிறந்த நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1197ஆம் இலக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மனம் அமைதியடையாவிட்டால் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆவணித் திருவிழாவுக்குப் போவதையும் நிறுத்த வேண்டியதில்லை. அந்தத் தாய் வாங்கிய பொருள்களுக்காக மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டிய தொகையை அந்தப் பணத்திலிருந்து முதலில் தீர்த்துவிடுங்கள். அதன் பிறகு அந்தக் கடன் முழுவதும் உங்களுக்கு மட்டுமே உரியது. அறுவடை முடிந்தும் அவரால் இயலாமற் போனால், அவருடன் பேசி, அவருடைய சம்மதத்தோடு, யாருடைய பங்கையும் எடுக்காமல் உங்கள் சொந்தப் பொருளிலிருந்தே அதை மன்னிக்கலாம்.