மூத்த ஊழியர் தொழில் நுணுக்கத்தைச் சொல்லித்தர மறுப்பது ஏன்?

கேள்வி: மலேசியாவின் தெலுக் இந்தானுக்கு அருகில் உள்ள செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை ஒன்றில் எட்டு மாதங்களாக ஷிப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பழத்தைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் பிரஸ் பகுதியை முப்பது ஆண்டுகளாகக் கவனித்து வரும் அண்ணன் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். எதைக் கேட்டாலும் "பிறகு பார்க்கலாம் தம்பி" என்கிறார். சில நாள்களில் "எனக்கும் சரியாகத் தெரியாது" என்கிறார். ஒருமுறை "மேனேஜர் சொல்லக்கூடாது என்றிருக்கிறார்" என்றார். நான் என்ன செய்வது?

பதில்: அவர் உங்களுக்குச் சொன்ன மூன்று பதில்களும் ஆய்வாளர்களுக்கு நன்கு பழக்கமானவை. கனடாவைச் சேர்ந்த கேத்தரின் கானெலி, டேவிட் ஸ்வெய்க் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, தட்டிக்கழித்தல், தெரியாதது போல் இருத்தல், காரணம் காட்டி மறுத்தல் என்று, கேட்பவரிடம் தெரிந்ததைச் சொல்லாமல் மறைப்பதை மூன்றாகப் பிரித்தது. மூன்றாவது வகையில் பொய்யே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே மேனேஜர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்பதை, அண்ணன்மேல் புகார் போலத் தோன்றாதபடி, முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, அவருடைய நிலையிலிருந்து பாருங்கள். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி நம் நாட்டில் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அதற்குப் பின் ஒப்பந்த அடிப்படையில் மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு இருக்கலாம். தன்னிடம் மட்டுமே உள்ள தொழில் நுணுக்கம் உங்களிடமும் வந்துவிட்டால், அந்த ஒப்பந்தத்துக்கான தேவை குறைந்துவிடும் என்று அவர் அஞ்சினால் அதைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. பட்டைக்கு உள்ளே இருக்கும் மரத்தில் காயம்படாமல் பால் மரம் சீவும் கைத்திறனுக்காகத் தோட்டமே மதித்த பெற்றோர், ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டதும் மதிப்பிழந்து நின்றதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. நானும் அந்த லயத்து வீடுகளில் வளர்ந்தவன் என்பதால் இந்த அச்சத்தை அற்பமாகக் கருத மாட்டேன்.

"தெரியாது" என்பதிலும் பாதி உண்மை இருக்கக்கூடும். பிரஸ்ஸில் அழுத்தம் கூடினால் கொட்டைகள் அதிகமாக உடைந்து பருப்பு வீணாகும். குறைந்தால் எண்ணெய் நாரிலேயே தங்கிவிடும். எந்த அளவு சரி என்பது அன்று வந்த குலைகள் எவ்வளவு பழுத்திருக்கின்றன, எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தன, குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் எப்படி வெந்தன என்பவற்றைப் பொறுத்து மாறும். இயந்திரத்தின் ஓசையையும் வெளிவரும் நாரின் ஈரத்தையும் வைத்து அவர் அதைக் கணிக்கிறார். அதைச் சொல்லில் வை என்றால் அவருக்கே வராது. எனவே "எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அவர் அழுத்தத்தை மாற்றும்போது உடன் நின்று, வேலை ஓய்ந்தபின், "இப்போது ஏன் குறைத்தீர்கள் அண்ணா?" என்று அந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்.

வேலை நெருக்கும் நேரத்தில் கேட்கவே வேண்டாம். மற்றவர்கள் தம்மையே சார்ந்திருக்கிறார்கள் என்று உணரும் ஊழியர்கள், அந்த நெருக்கடியாலேயே மறைக்க முற்படுகிறார்கள் என்று மரிலேன் கான்யே தலைமையில் 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அடிக்கடி நச்சரித்தால் நீங்கள் கேட்பதே அவருக்குச் சுமையாகிவிடும்.

நிர்வாகம் செய்ய வேண்டியதை நீங்கள் ஒருவரே செய்துவிட முடியாது. ஓய்வுக்குப் பின் குறிப்பிட்ட காலத்துக்கு அவரைப் பயிற்றுநராக, சம்பளத்தோடு, வைத்துக்கொள்ள முடியுமா என்று மேனேஜரிடம் பேசுங்கள். வாய்மொழி உறுதி போதாது. அது எழுத்தில் வர வேண்டும், கற்றுக்கொடுக்கும் நேரம் அவருடைய வேலை நேரத்திலேயே கணக்கிடப்பட வேண்டும். இதற்கு முன்பே அவர்மேல் புகார் எழுதுவதும், அவர் வேலை செய்வதைத் தெரியாமல் கைப்பேசியில் பதிவு செய்வதும் மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் கெடுத்துவிடும்.

கோபத்தில் நீங்களும் தகவலை மறைக்கத் தொடங்காதீர்கள். ஆய்வகத்திலிருந்து வரும் நாரின் எண்ணெய் இழப்புக் கணக்கு உங்கள் மேசைக்கு வருகிறது, அவரிடம் போய்ச் சேருவதில்லை என்றால், நாளை முதல் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டி, இழப்பு ஏன் கூடியது அல்லது குறைந்தது என்று அவருடைய கருத்தைக் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியிட்டு எழுதி, அவர் பெயரையும் அதில் குறித்து, அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.