நகையை அடகு வைத்து ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. ஐந்து மாதத்துக்கு முன்புதான் ஆட்டிசம் என்று சொன்னார்கள். கணவருக்கு வயது 34, தனியார் வேலை, சம்பளம் 48,000 ரூபாய். பையனைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டுவிட்டேன். ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி இரண்டுக்கும் மாதம் 14,000 ஆகிறது. ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும், 6 லட்சம் ஆகும் என்கிறார்கள். 22 பவுன் நகை இருக்கிறது. அடகு வைக்கலாமா? - வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் சகோதரி. நகையை வெளியே எடுக்காதீர்கள்.

ஆட்டிசம் ஊசி போட்டு விரட்டும் நோய் இல்லை. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது, வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். பேச்சு, பழகும் விதம், அன்றாட வேலைகள் இவற்றில் தெரபியும் வீட்டுப் பயிற்சியும் நிறையவே கைகொடுக்கும். ஸ்டெம் செல்லை ஆட்டிசத்துக்கான சிகிச்சையாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் ஏற்கவில்லை. அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதில் சேர்பவரிடம் பணம் வாங்கவும் கூடாது. உங்களிடம் 6 லட்சம் கேட்பதே போதும், எழுந்து வந்துவிடலாம்.

கணக்கும் பாருங்கள். 9 சதவீத வட்டி என்று வைத்தாலும், 6 லட்சம் நகைக்கடனுக்கு வட்டி மட்டும் மாதம் 4,500 ரூபாய். அதே 6 லட்சம் உங்கள் மகனுக்கு மூன்றரை வருடத் தெரபிக் கட்டணம். ஐந்து மாதமாகத் தூக்கமில்லாமல் இருக்கும் பெற்றோருக்கு 'சரியாகிவிடும்' என்ற சொல் எவ்வளவு பெரிது என்று எனக்குப் புரிகிறது. அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன்.

14,000 ரூபாயைக் குறைக்கவும் வழி உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அங்கே தெரபிக்குக் கட்டணம் இல்லை. வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் இப்போதைய இடத்தில் என்று பிரித்துக்கொள்ளலாம். தெரபிஸ்ட் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வீட்டிலும் செய்யுங்கள். கதவை மூடிக்கொண்டு, பெற்றோரை உள்ளே விடாத மையம் என்றால் மாற்றிவிடுங்கள்.

அடுத்து நிராமயா. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் மருத்துவக் காப்பீடு. வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், முன்பரிசோதனை கிடையாது. தெரபிச் செலவிலும் ஒரு பங்கு இதில் திரும்ப வரும், அதனால் பில் எதையும் தூக்கிப்போடாதீர்கள். வறுமைக்கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணமே 500 ரூபாய்தான்.

மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கான 80டிடி வரிக்கழிவைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். பழைய வரிமுறையில் மட்டும்தான் அது உண்டு. உங்கள் கணவரின் சம்பளத்துக்குப் புதிய முறையிலேயே வரி வராது என்பதால், அதற்காக அலைய வேண்டாம்.

என்னை அதிகம் உறுத்துவது நீங்கள் கேட்காத ஒன்று. மூன்று பேர் ஒரே சம்பளத்தை நம்பி இருக்கிறீர்கள். கணவர் பெயரில் உடனே 1 கோடிக்கு டேர்ம் பாலிசி எடுங்கள், அதாவது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. அவர் வயதில் மாதப் பிரீமியம் சுமார் ஆயிரத்துச் சொச்சம்தான் வரும். திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்தால், நாளை அவருக்குக் கடன் இருந்தாலும் கடன்காரர் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. பயனாளியாக உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள், பையன் பெயர் வேண்டாம்.

அப்புறம் இருவரும் உயில் எழுதுங்கள். மகனின் பங்கை நேராக அவன் பெயருக்கு எழுதாமல், அவனுக்காக ஒரு டிரஸ்ட் அமைத்து அதற்குப் போகும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். 18 வயது முடிந்தால் சட்டப்படி நீங்கள் தானாகப் பாதுகாவலர் ஆகமாட்டீர்கள். தேவைப்பட்டால் அப்போது கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தேவைப்படாமலும் போகலாம். தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான்கு வயதுப் பையனை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள்.

இந்த வாரமே மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது கையில் இருந்தால்தான் நிராமயாவில் சேர முடியும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்போது, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை மகனுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.